பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கும்?

கொங்குப் பகுதியில் விடுதியோடு மேல்நிலைப் பள்ளி நடத்தும் தாளாளர்கள் அனைவருக்கும்,

வணக்கமுங்க.

போன வாரம் உங்களில் ஒருவருடைய வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. பத்தாம் வகுப்பு முடிவு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. என் பையன் 500க்கு 481, படித்தது அரசுப் பள்ளி. வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். கையில் வழவழப்பான ஒரு புத்தகம், ஒரு டப்பா ஸ்வீட். "பீஸ்ல பாதி கொறச்சுக்கலாமுங்கம்மா, தம்பிய ஐஐடி பேட்ச்ல போட்டரலாம்" என்றார்கள். என் மாமியார் மோர் கொடுத்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே திண்ணையில் இதே மாதிரி மோர் குடித்துவிட்டுப் போன வேறொரு பள்ளியின் வண்டிதான் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனது. அது எந்தப் பள்ளி என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற எல்லோரும் "அது அவங்க கதை" என்று ஒதுங்கிக்கொள்வீர்கள்.

நாங்கள் பல்லடம் பக்கத்தில் பன்னிரண்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவர்கள். பாவும் நூலும் வாங்கி வந்து, காடாத் துணியாக நெய்து கொடுத்து, மீட்டருக்கு இத்தனை என்று கூலி வாங்குவோம். என் வீட்டுக்காரர் எட்டாவது, நான் பிளஸ் டூ. பெரிய படிப்புக்கு எப்படி விண்ணப்பம் போடுவது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களிடம் பிள்ளையை விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பாடம் நடத்துவீர்கள், பரீட்சைக்குப் பழக்குவீர்கள், விண்ணப்பமும் நீங்களே போட்டுவிடுவீர்கள். அந்தக் கடைசி வேலையைத்தான் நீங்கள் செய்ய வேண்டாம் என்று கேட்க வந்திருக்கிறேன். விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். கைப்பேசி எண், ஈமெயில், பாஸ்வேர்டு மூன்றும் பிள்ளையிடமும் வீட்டிலும் இருக்கட்டும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

மகள் 2025ல் ஜேஇஇ மெயின் எழுதினாள். மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத்தேர்வு அது. அதற்கான விண்ணப்பம் முந்தின வருடம் அக்டோபர் கடைசியில் தொடங்கியது. பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். அதில் பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தன. "ஆபீஸ்ல பாத்துப் போட்டுக்குவாங்க" என்றார்கள். எனக்கும் அன்றைக்கு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வரிசையாக உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பள்ளியின் இரண்டு மூன்று கைப்பேசி எண்கள்தான். பள்ளியே உருவாக்கிய ஈமெயில். பாஸ்வேர்டு எல்லாம் ஒரு நீளமான நோட்டில் இருந்தது. பிறகு நானே பார்த்தேன். விண்ணப்பிக்கிறவர் தன் சொந்த எண்ணையோ பெற்றோர் எண்ணையோதான் கொடுக்க வேண்டும் என்று இந்தத் தேர்வை நடத்துகிற தேசியத் தேர்வு முகமையின் தகவல் கையேட்டிலேயே இருக்கிறது. அப்படி ஒரு கையேடு இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

எங்கள் சாதிச் சான்றிதழில் பி.சி. என்று இருக்கும். மாநிலத்துக்கு அது போதும். ஐஐடி, என்ஐடி மாதிரி மத்திய அரசுக் கல்லூரிகளுக்கு ஓபிசி என்சிஎல், அதாவது வருமான வரம்புக்குள் இருக்கிற பிற்படுத்தப்பட்டோர், என்று தனியாக ஒரு சான்றிதழ் வேண்டும். மத்திய அரசின் படிவத்தில், அந்தந்த வருடம் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். வருமான வரம்பு வருடத்துக்கு 8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. எங்கள் தறிக் கூலி அதில் பாதியைக்கூட எட்டாது. எங்கள் சமூகம் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறது. இ-சேவை மையத்தில் மனுப் போட்டு, தாசில்தார் அலுவலகத்துக்கு இரண்டு நடை நடந்திருந்தால் முடிகிற வேலை. யாரும் எங்களிடம் கேட்கவில்லை. அலுவலகத்தில் "ஜெனரல்" என்று தட்டிவிட்டார்கள். பிறகு திருத்திக்கொள்ள நாள் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குறுஞ்செய்தி பள்ளியின் கைப்பேசிக்குப் போயிருக்கிறது. நூறு பிள்ளைகளின் குறுஞ்செய்தி வந்து விழுகிற கைப்பேசியில் எது யாருக்கு என்று யார் பார்ப்பார்கள்?

அந்த வருடம் மார்ச், ஏப்ரலில் கூலி உயர்வு கேட்டு எங்கள் பக்கம் தறிகளை எல்லாம் நிறுத்திவிட்டிருந்தோம். ஒரு மாதம் தறிச் சத்தமே இல்லாமல் ஊர் கிடந்தது. மகள் ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டாவது முறை மெயின் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றாள். தறிக்குப் பக்கத்திலேயே தொட்டிலில் கிடந்து வளர்ந்தவள். 19ஆம் தேதி முடிவு வந்தது. பாஸ்வேர்டு எங்களிடம் இல்லாததால் பள்ளிக்குப் போன் போட்டு, அவர்கள் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியதைத்தான் பார்த்தோம். 88 பெர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 88 பேர் அவளுக்குச் சமமாகவோ கீழேயோ. கீழே "ஜெனரல்". ஐஐடிக்கு அடுத்த கட்டத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்ட் எழுதப் பொதுப் பிரிவுக்கு 93.1 வேண்டியிருந்தது. ஓபிசிக்கு 79.4 போதுமாக இருந்தது.

அவள் அழவில்லை. படத்தைப் பெரிதாக்கி அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்மா, இது நான் போட்டது இல்லையே" என்றாள்.

மறுநாள் பள்ளிக்குப் போனோம். "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா" என்றார்கள். போட்டிருக்கிறேன், அது என் தப்புத்தான். அதை மறைத்து இந்த மடலை எழுதினால் என் மகளே சிரிப்பாள்.

அட்வான்ஸ்ட் எழுதியிருந்தால் ஐஐடி கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. 2025ல் மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அவர்களில் இரண்டரை லட்சம் பேருக்குத்தான் அட்வான்ஸ்ட் எழுதத் தகுதி. 1,80,422 பேர் இரண்டு தாளும் எழுதி, 54,378 பேர் தேறினார்கள். 23 ஐஐடிகளிலும் சேர்த்து இடம் 18,160. அட்வான்ஸ்ட் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். என் மகள் பத்தாவது வரை தமிழ் வழி. மெயினில் தமிழில் எழுத வழி இருக்கிறது என்பதும் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. கணக்குப் போட்டால் வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, எழுதலாம் அல்லது வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவளுடையது. இரண்டு வருடம் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தவள் அவள்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், இந்த எண்களில் ஒன்றைக்கூட அந்த இரண்டு வருடத்தில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. "நீ கண்டிப்பா அடிச்சிருவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன் பேச விடுவார்கள். அதில் என் முதல் கேள்வி "இந்த வாரம் டெஸ்ட்ல எத்தன கண்ணு?" சாப்பிட்டாளா என்று கேட்பதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிடும். பின்னாலே வரிசையில் இன்னும் நாற்பது பிள்ளைகள் நிற்பார்கள்.

சரி, இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன். 2023ல் அந்த வண்டி வந்தபோது எங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021லேயே வந்துவிட்டது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் 2022 செப்டம்பரில் தொடங்கியிருந்தது. அன்றைக்கு அதற்கும் அரசுப் பள்ளியில்தான் படித்திருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியின் வண்டியில் ஏறிய அன்றைக்கே இரண்டும் போய்விட்டன. தெரிந்திருந்தாலும் ஒருவேளை உங்களிடமே சேர்த்திருப்போமோ என்னவோ. உங்கள் ஆசிரியர்கள் நன்றாகத்தான் நடத்தினார்கள்; கணக்கு சாரைப் பற்றி மகள் இன்றைக்கும் பேசுவாள். ஆனால் என்ன போகிறது என்று தெரிந்து கொடுப்பது ஒரு மாதிரி, தெரியாமல் பறிகொடுப்பது இன்னொரு மாதிரி. போன வாரம் வந்தவர்களிடம் நான் இதைக் கேட்டேன். ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தார். "அதெல்லாம் சின்ன காலேஜுக்குங்க, நம்ம தம்பி ஐஐடி" என்றார். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி 1794ல் தொடங்கியது. அதுவும் அந்த ஒதுக்கீட்டில் வருகிறது. சின்னக் காலேஜாம்!

என் அண்ணன் பையன் கதை இன்னொரு விதம். அவன் 2021ல் பத்தாவது. கொரோனா வருடம், தமிழ்நாட்டில் எல்லோரும் தேர்ச்சி, மதிப்பெண் கிடையாது. 2022 டிசம்பரில் ஜேஇஇ விண்ணப்பம் வந்தபோது பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போகவே முடியவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேயே நின்றார்கள். மாநிலத்திலிருந்து கேட்ட பிறகு தேர்வு முகமை நமக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுத்தது. பேப்பரில் எல்லாம் வந்தது. என் அண்ணனுக்குத் தன் மகனுடைய விண்ணப்பமும் அப்படி நின்றது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். பையனுக்கும் தெரியாது. அந்தக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் வேறு யாரோ.

அவன் கெட்டிக்காரன், அட்வான்ஸ்டும் தேறினான். அப்புறம்தான் விஷயம். ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான ஜோசா கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். மேலே இருந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். நம் ரேங்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். அதற்குக் கீழே எழுதியது எதற்கும் பிறகு மதிப்பு இல்லை. அவனுக்குத் திருச்சி என்ஐடியில் மெக்கானிக்கல் வேண்டும். என்ஐடியில் பாதி இடம் அந்த மாநிலத்தில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு, எட்டுகிற தூரம்தான். வரிசையைப் பள்ளியில் நிரப்பினார்கள். இருக்கிற ஐஐடி எல்லாம் மேலே, என்ன பிரிவாக இருந்தாலும் சரி, திருச்சி ரொம்பக் கீழே. வடக்கே ஒரு ஐஐடியில், அவன் கேட்டே இருக்காத ஒரு பிரிவு கிடைத்தது. மூன்றாம் வருடம் முடித்துவிட்டான், சமாளித்துக்கொண்டிருக்கிறான், குறை சொல்ல மாட்டான். பள்ளி வாசலில் ஆள் உயரத்துக்கு அவன் படத்தோடு ப்ளெக்ஸ் வைத்தார்கள். "ஐஐடி" என்று பெரிய எழுத்து. எந்தப் பிரிவு என்று அதில் இல்லை.

இதை உங்கள் முகத்துக்கு நேராகவே கேட்கிறேன். அந்த வரிசையை நிரப்பும்போது மனதில் இருந்தது பையனா, ப்ளெக்ஸா? 2017ல் பிளஸ் டூவில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அப்போது பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்த செங்கோட்டையன் நம்ம கோபிசெட்டிபாளையத்துக்காரர். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இனிமேலாவது மூச்சுவிட நேரம் கிடைக்கும் என்று நினைத்தோம். சங்ககிரியைத் தாண்டித் திருச்செங்கோட்டுப் பக்கம் பஸ்ஸில் போனால் தெரியும், அரசு நிறுத்தியதை ப்ளெக்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் தாண்டிக் குதிக்கக் கூடாது என்றுதான் 2017-18ல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26 முதல் அதுவும் இல்லை. இனி நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எங்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அது தனிக் கதை, விடுங்கள்.

ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. மகள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் போய் உட்கார்ந்துகொள்வாள். சொந்தக்காரர்கள் யாராவது ஒறம்பரை வந்தால் உள்ளே போய்விடுவாள், ஏனென்றால் வருகிறவர்கள் எல்லோரும் காபி டம்ளரை வாங்குவதற்கு முன்பே "அம்மிணி, ஐஐடி என்னாச்சு?" என்பார்கள். அவள் ஆத்தா, அதாவது என் மாமியார், ஒரு நாள் ஒருத்தரைப் பார்த்து "உன்ர பையன் டிகிரி என்னாச்சு?" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் கேள்வி குறைந்தது. எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லையே என்று இன்னமும் வருத்தம்தான்.

மே மாதம் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு தொடங்கியது. பள்ளியிலிருந்து போன் வந்தது: "சான்றிதழ் எல்லாம் கொண்டு வாங்க, இங்கயே போட்டுக்கலாம்." மகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். "வேண்டாங் சார், நானே போட்டுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி அடுக்களையில் உட்கார்ந்து என் போனிலேயே பதிந்தாள். ஓடிபி வந்ததும் நான் சத்தமாகப் படித்தேன். அவள் பெயர், பிறந்த தேதி, சாதி, வருமானம், ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு எல்லாவற்றையும் இரண்டு முறை என்னைப் படிக்க வைத்தாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுவில் கரண்ட் போனது. ஏப்ரலுக்குப் பிறகு அவள் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். பத்தரை மணிக்கு அரிசியும் பருப்பும் வைத்துக் கொடுத்தேன்.

ஜூலையில் விருப்ப வரிசை கொடுக்கும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. நாங்களும் நீங்களும் இரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றே பேசிக்கொண்டிருந்தோம். அவள் முதலில் எழுதியது மெக்கானிக்கல். தறி நின்றுபோனால் பிட்டர் வந்து பிரித்துப் போடுவார். ஆறாவது படிக்கும்போதிருந்து அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் இவள். எங்கள் கண் முன்னால் நடந்ததுதான், இருந்தும் நாங்கள் கேட்டதே இல்லை. நீங்களும் கேட்கவில்லை, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் கேட்பதும் கஷ்டம்தான். ஆனால் அந்தக் காலிக் கட்டத்தின் முன்னால் பிள்ளையை உட்கார வைத்திருந்தால், கட்டமே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கும். இப்போது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல், முதல் வருடம் முடிந்தது. தடாகம் ரோட்டிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். இரண்டாவது முறை ஜேஇஇ எழுதுகிறாயா என்று கேட்டதற்கு, "போதும்மா" என்றாள். அவ்வளவுதான்.

அதனால் கேட்கிறேன். அக்டோபர் கடைசியில் விண்ணப்பம் தொடங்கும்போது ஒரு சனிக்கிழமை மத்தியானத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உங்களிடம் கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. புத்தகத்தில் படம் போட்டிருக்கிறீர்கள், நானும் பார்த்தேன். பெற்றோரையும் வரச் சொல்லுங்கள். எங்கள் போனோடு வருகிறோம். தகவல் கையேட்டை முந்தின வாரமே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஓபிசி சான்றிதழுக்கு ஜூன் மாதமே சொல்லிவிடுங்கள். தாசில்தார் அலுவலகம் நமக்காகக் காத்துக்கொண்டிருக்காது. மெயினில் தகுதி வந்தாலும் அட்வான்ஸ்டுக்குத் தனியாகப் பதிய வேண்டும், 2025ல் அதற்குக் கிடைத்தது பத்தே நாள் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகள் தப்பாகத் தட்டுவார்கள் என்று பயப்படாதீர்கள். பக்கத்தில் உங்கள் ஆசிரியர் ஒருவர் நிற்கட்டும், விசைப்பலகையில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஐஐடி தவிர, அறிவியல் படிக்க ஐசர் இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத்தேர்வு. சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது, அதற்கும் தனித் தேர்வு. கணக்கில் பைத்தியமாக இருக்கிற பிள்ளை உங்கள் வகுப்பில் ஒன்றாவது இருக்கும். அதனிடம் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். ப்ளெக்ஸில் இதெல்லாம் எடுபடாது என்று எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போனையும் இருபது நிமிடமாக ஆக்கினால் நன்றாக இருக்கும். மதிப்பெண் கேட்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். மற்ற அம்மாக்களுக்குப் பத்து நிமிடம் அதற்கே போய்விடுகிறது.

கடைசியாக, போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் பேசி முடித்து உங்கள் ஆட்கள் எழுந்தபோது, அதுவரை கம்முனு நின்றுகொண்டிருந்த என் பையன் வாசலுக்கு வந்தான். அக்கா சொல்லிக் கொடுத்து அனுப்பினாளா, அவனாகக் கேட்டானா என்று தெரியாது. "அண்ணா, பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கும்?" என்றான்.

"அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துக்குவாங்க தம்பி" என்றார் அவர்.

பையன் சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். ஸ்வீட் டப்பாவை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. இங்கேயே அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்வதா, உங்களிடம் வருவதா என்று அவன்தான் முடிவு செய்யப் போகிறான். வருகிற திங்கட்கிழமை வண்டி மறுபடி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலை அவர்களிடமே கொடுத்தனுப்புங்கள். மோர் இருக்கும்.

இப்படிக்கு,
பல்லடம் வட்டாரத்துத் தறிக்காரர் வீட்டு அம்மா ஒருத்தி